பெண் இசைக்கலைஞர்களுக்கான வானொலி நிகழ்ச்சிக்கு விடைகொடுப்பது எப்படி?

சமுதாய வானொலியில் சில ஆண்டுகள் தொடர்ந்து வந்த ஒரு நிகழ்ச்சி நிற்கப்போகிறது என்றால், பெரும்பாலும் கடைசி வாரத்தில் தொகுப்பாளர் நேயர்களுக்கு நன்றி சொல்வார், தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடுவார், அடுத்த வாரம் அதே நேரத்தில் உடல்நலக் குறிப்போ வேளாண் ஆலோசனையோ ஒலிக்கத் தொடங்கிவிடும். திரைப்பாடல் நிகழ்ச்சிக்கு இது போதும். அந்தப் பாடல்கள் வேறு எத்தனையோ இடங்களில் கிடைக்கும். பெண் இசைக்கலைஞர்களுக்கென்றே நடந்த நிகழ்ச்சிக்கு இது போதவே போதாது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலையோ பி. சுசீலாவின் குரலையோ உங்கள் நிலையம் காப்பாற்றித் தர வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து ஊரில் ஒப்பாரி பாடும் மூதாட்டியின் குரலும், கணவரோடு சேர்ந்து ஆயுள் முழுக்க நாகஸ்வரம் வாசித்தும் திருவிழா நோட்டீஸில் தன் பெயரை ஒருமுறைகூடக் காணாத பெண்ணின் வாசிப்பும், உங்கள் நிலையத்துக் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். அவற்றை உரியவர்களிடமும் பாதுகாப்பான இடத்திலும் ஒப்படைத்த பிறகு செய்யும் அறிவிப்புதான் முறையான விடைபெறல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழ்நாட்டுச் சமுதாய வானொலி நிலையங்களில் இத்தகைய நிகழ்ச்சியை நடத்தும் தொகுப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதல் வேலை பதிவுகளைத் திரட்டுவது

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்எம் பேசத் தொடங்கியது. இந்த வரலாற்றை நம்மில் பலரும் பெருமையோடு சொல்வோம். அதே கொள்கை விதிகளில் உள்ள ஒரு சிறிய கட்டளையைப் பலரும் கவனிப்பதில்லை: ஒலிபரப்பான நிகழ்ச்சியை நிலையம் மூன்று மாதங்களுக்குப் பாதுகாத்தால் போதும். அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்று ஒருவர் அழித்தாலும் எந்த விதியும் மீறப்படுவதில்லை. நிகழ்ச்சி வாராவாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்கள் கோப்புகளின் மேல் உங்கள் கண் இருக்கும். நிகழ்ச்சி நின்றுவிட்டால் அவற்றுக்குக் கேள்வி கேட்பார் இருக்க மாட்டார்கள். ஆகையால் நிறுத்துவதென்று முடிவெடுத்த அன்றே நிலைய மேலாளரிடம் எழுத்து மூலமாக ஒரு வேண்டுகோள் கொடுங்கள்: இந்த நிகழ்ச்சிக்குரிய எந்தக் கோப்பையும், ஒப்படைப்பு முடியும்வரை அழிக்கக் கூடாது.

பிறகு கோப்புகளை வகைபிரியுங்கள். ஒலிபரப்பான முழு நிகழ்ச்சி ஒன்று. அதற்காக எடுத்த வெட்டாத நேர்காணலும் பாடலும் இன்னொன்று. இரண்டில் மதிப்பு மிக்கது இரண்டாவதுதான். ஒலிபரப்பில் நான்கு நிமிடமாகச் சுருங்கிய நடவுப்பாட்டு, மூலப் பதிவில் இருபது நிமிடம் ஓடியிருக்கும். அந்த அம்மா நடுவில் நிறுத்தி, இந்த அடியைத் தன் அத்தை வேறு மாதிரிப் பாடுவார் என்று சொல்லி அதையும் பாடிக் காட்டியிருப்பார். வெட்டி எறியப்பட்ட அந்தப் பகுதியைத்தான் பின்னால் வருகிற ஆய்வாளரும் அவருடைய பேத்தியும் தேடி வருவார்கள். மூலப் பதிவு வாவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) வடிவில் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் அது பெரிய செலவில்லை. எம்பி3 மட்டுமே மிஞ்சியிருந்தால் அதை வாவ் ஆக்கிப் பயனில்லை. இருப்பதை இருந்தபடியே காப்பாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று படிகள் எடுத்து, ஒன்றை நிலையத்திலும், ஒன்றை வேறொரு கட்டடத்திலும், ஒன்றை வெளியூரிலும் வையுங்கள். மழைநீர் புகுந்த ஓர் அறையில் மூன்று படிகளும் ஒன்றாக இருந்தால் அவற்றை மூன்று என்று சொல்ல முடியாது.

கோப்பின் பெயரில் கலைஞரின் பெயர், ஊர், கருவி அல்லது பாடல் வகை, பதிவு செய்த நாள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கூடவே ஒரு நோட்டிலோ விரிதாளிலோ, உடன் வாசித்தவர் யார், யாரிடம் கற்றார், பதிவு எங்கே நடந்தது, பாடலின் முதலடி என்ன என்பவற்றைக் குறியுங்கள். ‘குழுவினர்’ என்று மொத்தமாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். நம் இசை வரலாற்றில் பெண்கள் காணாமற்போனதில் பாதி இந்தச் சொல்லுக்குள் நடந்தது. மிருதங்கத்தில் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், நாகஸ்வரத்தில் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி, கடத்தில் சுகன்யா ராம்கோபால் என்று நாம் இன்று பெயர் சொல்ல முடிகிறதென்றால், அந்தப் பெயரை யாரோ ஒருவர் ஓரிடத்தில் எழுதி வைத்தார் என்பதுதான் காரணம். பின்பாட்டுப் பாடிய மூன்று பெண்களின் பெயர் தெரியவில்லையென்றால், நிகழ்ச்சி நிற்பதற்குள் நேரில் போய்க் கேட்டு எழுதிவிடுங்கள். நூறு வாட் ஆற்றலும் முப்பது மீட்டருக்கு மிகாத கோபுரமும் கொண்ட உங்கள் ஒலிபரப்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. அந்த எல்லைக்குள் போய்க் கேட்க முடியாத வீடு என்று எதுவும் இருக்காது.

இரண்டாம் முறை அனுமதி கேட்பது

இந்த வழிமுறையில் மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். ஊர் வானொலியில் பாட ஒப்புக்கொண்ட பெண், தன் பாட்டு இணையத்தில் ஏறுவதற்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். இழவு வீட்டில் பாடுவதைக் கேவலமாகப் பேசுகிற உறவினர்கள் இருப்பார்கள்; வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம்; சாவு இல்லாத வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்கக் கூடாது என்று அவரே கருதலாம். அதேபோல், பாடலுக்கிடையில் சொன்ன குடும்பக் கதையை ஊர்க்காரர்கள் கேட்பதில் அவருக்குத் தயக்கம் இருந்திருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு அது முன்பே தெரியும். முகம் தெரியாதவர்கள் கேட்பது வேறு விஷயம். சிலர் சாதிப் பெயர் வரும் இடத்தை நீக்கச் சொல்வார்கள்; வேறு சிலர் அதை நீக்கவே கூடாது என்பார்கள். பறையைத் தங்கள் உரிமைக் குரலாக முழங்குகிற திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்ற குழுக்களின் பெண்கள், தங்கள் அடையாளத்தை மறைத்து ஆவணப்படுத்துவதை ஒருபோதும் ஏற்க மாட்டார்கள். இரண்டு முடிவுகளையும் எடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

அனுமதி கேட்கும்போது படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துக்கொள்ளாமல், ஒரு ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருடைய பதிவை அவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். தன் குரலை முழுதாகக் கேட்கும் வாய்ப்பு பலருக்கு அதுவரை கிடைத்தே இருக்காது. ஒலிபரப்பான நேரத்தில் அவர் வயலிலோ நூறுநாள் வேலையிலோ இருந்திருப்பார். பாட்டு ஓடும்போதே அவர் உதடு அசையத் தொடங்கும், ஓரிடத்தில் ‘இங்கே தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு’ என்று நிறுத்தச் சொல்வார், சரியான அடியைச் சொல்வார். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு கேளுங்கள்: ‘இது எங்க ஸ்டேஷன்ல மட்டும் இருக்கட்டுமா அம்மா, இல்ல வெளியில இருக்கிறவங்களும் கேட்கலாமா?’ படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலை ஒலியாகவே பதிந்துகொள்ளலாம். விடைபெறும் முன் பென்டிரைவில் ஒரு படியும், வீட்டில் யாருடைய கைப்பேசியிலாவது இன்னொரு படியும் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள். காலமாகிவிட்டவர்களின் பதிவுகளுக்கு அவர்கள் வீட்டாரிடம் இதே முறையில் போக வேண்டும்.

வெளியார் கேட்கலாம் என்று ஒப்புதல் கிடைத்த பதிவுகளை ஒரு காப்பகத்திடம் ஒப்படைக்கலாம். 1982-இல் தொடங்கப்பட்டு இப்போது குருகிராமில் இயங்கும், அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பகம் களப் பதிவுகளைப் பெற்றுப் பாதுகாப்பதற்கென்றே அமைந்தது. அருகில் ஏதேனும் பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்றியல் துறையோ இசைத் துறையோ இருந்தால் அங்கும் கேட்டுப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும், யார் எந்த நிபந்தனையில் கேட்கலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். நிகழ்ச்சியில் இடையிடையே நீங்கள் போட்ட இசைத்தட்டுப் பாடல்களை இந்த ஒப்படைப்பில் சேர்க்காதீர்கள். ஒலிபரப்ப வாங்கிய உரிமம் அதற்குச் செல்லாது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகள் கடந்த ஒலிப்பதிவுகளுக்கு மட்டும் ஒலிப்பதிவுக் காப்புரிமை தீர்ந்திருக்கும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைத் தனியே பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பது

மார்ச் 8 அன்று நிறைவு செய்யலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று எல்லா நிலையங்களிலும் மகளிர் தினச் சிறப்பு நிகழ்ச்சிகள் நிறைந்திருக்கும். ஆண்டு முழுக்க வாராவாரம் பெண்களின் இசையைக் கொண்டுவந்த ஒரு நிகழ்ச்சியின் நிறைவு அந்தக் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடும். கலைஞர்களுக்கு எப்போது ஓய்வு என்று பார்த்து நாள் குறிப்பதே நல்லது. ஆடியில் அம்மன் கோயில்களில் பாடுகிறவர்களைப் பிடிக்கவே முடியாது. தையிலும் வைகாசியிலும் நாகஸ்வரம், தவில் கலைஞர்களுக்கு முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கும். மார்கழியில் கர்நாடக இசைக்கலைஞர்கள் சென்னையில் சபாக்களுக்கிடையே ஓடிக்கொண்டிருப்பார்கள். பங்குனி, சித்திரை கோயில் திருவிழாக்காலம். திருமணங்கள் குறைவாக இருக்கும் புரட்டாசியின் முதல் பாதி, நவராத்திரி அழைப்புகள் தொடங்குவதற்கு முன், என் கணக்கில் மிகவும் ஏற்ற காலம். எந்த நாளானாலும் வழக்கமான கிழமையையும் வழக்கமான நேரத்தையும் மாற்றாதீர்கள். அந்த நேரத்துக்குப் பழகிய காதுகள் வேறு நேரத்தில் வந்து காத்திருக்காது.

செய்தியைச் சொல்லும் வரிசையும் முக்கியம். நிகழ்ச்சியில் பாடியவர்களும் வாசித்தவர்களும் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அவர்களுக்கு முதலில் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். நேயர்களுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே அறிவியுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்: தொகுப்பாளர் ஊர் மாறுகிறார், நிதி தீர்ந்தது, நிலையம் நேரத்தை வேறொன்றுக்குத் தருகிறது, எதுவானாலும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால், பாடிய பெண்களில் யாரோ ஒருவர் மேல் புகார் வந்துதான் நிகழ்ச்சி நின்றது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். அதன் சுமையை அந்தப் பெண்தான் தாங்க வேண்டியிருக்கும்.

கடைசி ஒரு மணி நேரம்

கடைசி நிகழ்ச்சியில் தொகுப்பாளரின் நினைவுகளுக்கு ஐந்து நிமிடம் போதும். மீதியெல்லாம் கலைஞர்களுக்கும் நேயர்களுக்கும் உரியது. எழுத்தில் ஒரு திட்டம் இருக்கட்டும், ஏனென்றால் அன்று எல்லாருக்கும் மனம் கனத்திருக்கும், நேரம் கையை மீறும்.

தொடக்கத்தில் ஒரு முன்னோடியின் கதையை, அதுவும் நிகழ்ச்சி எதற்காக நடந்தது என்பதைத் தானே விளக்கும் ஒரு கதையைச் சொல்லலாம். பெங்களூர் நாகரத்தினம்மாளின் வரலாறு அதற்கு மிகவும் பொருந்தும். திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியைத் தம் சொந்தப் பொருளால் கோயிலாக எழுப்பிய அவருக்கும் மற்றப் பெண்களுக்கும், ஆராதனையில் பாட இடம் மறுக்கப்பட்டது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பிரிந்து தனித்தனியே ஆராதனை நடத்திவந்த குழுக்கள் 1940-ஐ ஒட்டித்தான் ஒன்றாயின. அதற்குப் பிறகு 1968-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண்ணானார். பெண் வயலின் கலைஞர் ஒருவருக்கு அதே விருது கிடைக்க, ஏ. கன்யாகுமரி அதைப் பெற்ற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஆண்டுகளை அடுத்தடுத்துச் சொன்னாலே நேயருக்குப் புரிந்துவிடும். மேற்கொண்டு விளக்கவுரை வேண்டாம். ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு உள்ளூர்க் குரல்களுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, நிகழ்ச்சியில் இதுவரை பங்கேற்ற அத்தனை பெண்களின் பெயரையும் வாசியுங்கள். பெயர், ஊர், கருவி மூன்றையும் நிதானமாகச் சொல்ல ஐந்து விநாடி ஆகும். அறுபது பேர் என்றால் ஐந்து நிமிடம். அது நீளமாக இருக்கிறதே என்று யாராவது குறைக்கச் சொன்னால் இணங்காதீர்கள். பின்னணியில் இசை போடாதீர்கள். பெயர்களை அகர வரிசையில் வாசித்தால் பட்டம் பெற்றவர் முன்னால், பட்டம் பெறாதவர் பின்னால் என்ற பிரிவு தானாகவே நீங்கிவிடும். முதல் நாளே ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; ஊர்ப் பெயரைத் தவறாகச் சொன்னால் அந்த ஊரே கவனிக்கும். ஓர் ஆண் வாசிப்பதைவிட, நிலையத்திலுள்ள பெண் தன்னார்வலர்கள் இருவர் மாற்றி மாற்றி வாசிப்பது கேட்க நன்றாக இருக்கும்.

நேயர் அழைப்புகளுக்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். அன்றைக்குக் கூப்பிடுகிறவர்களில் பலர் இதுவரை ஒருமுறையும் கூப்பிடாதவர்களாக இருப்பார்கள். ‘ஏம்மா, இனிமே வரவே வராதா?’ என்று ஒரு பாட்டி கேட்டால், ‘எங்கள் பயணம் தொடரும்’ என்று பூசி மெழுகக் கூடாது. ‘இல்லைங்க பாட்டி, இதுதான் கடைசி. ஆனா நீங்க கேட்ட பாட்டெல்லாம் நம்ம ஸ்டேஷன்லயே பத்திரமா இருக்கு, எப்ப வேணும்னாலும் வந்து கேட்கலாம்’ என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னபடி ஏற்பாடும் செய்து வையுங்கள். அழைத்தவர் தாலாட்டு ஒன்றைப் பாட விரும்பினால், அதற்குரிய நேரம் அது. தொலைபேசியில் குரல் மெலிதாகவும் இரைச்சலோடும் வரும். ஸ்பீக்கர்போனை அணைத்துவிட்டுக் கைப்பேசியை வாயருகே பிடிக்கச் சொன்னால் பெருமளவு சரியாகிவிடும். வீட்டில் ஓடும் வானொலியின் ஒலியைக் குறைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் உடனே பேசத் தொடங்காமல் ஒரு மூச்சு நேரம் விடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பிரிவைப் பற்றிய திரைப்பாடல் ஒன்றைத் தேடிப் போக வேண்டாம். கச்சேரியின் முடிவில் மத்யமாவதி இசைப்பது நம் மரபு. அதுவரை நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் அந்த ராகம் பரிகாரம் என்பது நம்பிக்கை. உங்கள் பகுதியில் நாகஸ்வரம் வாசிக்கும் பெண் ஒருவர் இருந்தால், அல்லது மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் கற்கும் மாணவி ஒருவர் இருந்தால், அவரை நேரலையில் மத்யமாவதி வாசிக்க அழையுங்கள். இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. சிறிய ஸ்டுடியோ அறையில் நாகஸ்வரத்தை வாசித்தால் மைக் திணறும், ஒலி உடையும், அடுத்த அறையில் அழைப்பை எடுப்பவருக்கு ஒன்றும் கேட்காது. வாசிப்பவரை வராந்தாவிலோ முற்றத்திலோ அமர்த்தி, மைக்கை ஆறடி தள்ளி, அணசுக்கு (நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதிக்கு) நேரே வராமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, மிக்ஸரில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வழக்கத்தைவிட நன்றாகக் குறைத்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பே சோதித்துப் பாருங்கள். தவிலும் உடன் இருந்தால் அதற்குத் தனி மைக் தேவைப்படாது. நாகஸ்வர மைக்கே அதையும் பிடித்துவிடும். வாசிப்பவருக்கும் தவில்காரருக்கும் சன்மானம் கொடுங்கள். வானொலியில் வாய்ப்புக் கொடுத்ததே சன்மானம் என்று பெண் கலைஞர்களிடம் சொல்லிவரும் வழக்கம், இந்த நிகழ்ச்சியின் கடைசி நாளிலாவது தலைகாட்டக் கூடாது.

ஒலிபரப்பு முடிந்த பின்

நிகழ்ச்சியின் முகப்பு இசையை வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று நிலையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை வாசித்தவரும் ஒரு கலைஞர்தான், அவருடைய ஒப்புதல் இல்லாமல் அது எங்கும் போகக் கூடாது. காலியாகும் நேரத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். முழு நேரத்தையும் காப்பாற்ற முடியாவிட்டாலும், காலை நிகழ்ச்சிகளுக்கு இடையில் வாரம் ஒருமுறை உள்ளூர்ப் பெண் ஒருவரின் பாடலைப் பெயரோடும் ஊரோடும் ஒலிபரப்பலாம் என்று கேட்டால், மறுக்கும் நிலையங்கள் குறைவு.

பழைய நிகழ்ச்சிகளை மறுஒலிபரப்புச் செய்ய நிலையம் விரும்பினால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நான்கு நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். பாடியவருக்கு முன்தகவல் போக வேண்டும். அவர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். துக்கம் நடந்த அதே வாரத்தில் ஒலிபரப்பக் கூடாது. பதிவிலுள்ள தொலைபேசி எண், பழைய அறிவிப்பு, முடிந்துபோன விழாவுக்கான அழைப்பு ஆகியவற்றை நீக்க வேண்டும். நிகழ்ச்சியின் தொலைபேசி எண்ணை உடனே துண்டிக்காமல் ஒரு மாதமாவது வைத்திருந்து, எடுத்துப் பேசுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் கையில் கலைஞர்களின் பட்டியலும் எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ஒலிபரப்பன்று வேலையில் இருந்தவர்கள், தங்கள் அம்மாவின் பாட்டை எங்கே கேட்கலாம் என்று அந்த ஒரு மாதத்தில்தான் கூப்பிடுவார்கள்.